கைப்பிடியின் உயரம்

தனம் துரையைப் பார்த்ததும் சிரித்தாள். முன்பின் தெரியாதவரைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிப்பதில்லை என்று செல்வமேரி நினைத்தாள்.

"வாங்க சார். இன்னிக்கி வூட்டுக்காரம்மாவையும் இட்டுகினு வந்துட்டீங்களா?"

இன்னிக்கி. அப்படியென்றால் இதற்கு முன்னால்?

தாம்பரத்தில், கல்லூரி வளாகத்துக்குள் இருந்த அந்த வீட்டில் தனத்துக்குச் சமையல் வேலை. வீட்டில் குடியிருந்த வெள்ளைக்காரப் பேராசிரியர் அடுத்த வாரம் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார். கட்டில், மேஜை விசிறி, புத்தக அலமாரி எல்லாம் விற்பனைக்கு வராந்தாவில் வந்து நின்றன. ஓரத்தில் இரண்டு குழந்தை வண்டிகள்.

ஆபீசில் யாரோ சொன்னார்கள் என்று சொல்லித்தான் துரை செல்வமேரியையும் குழந்தையையும் அழைத்து வந்திருந்தான்.

மூன்று வாரமாகவே அவளுக்குச் சந்தேகம். காலை ஐந்து மணிக்கு ஓடப் போகிறவன், முன்பைவிட அரைமணி நேரம் தாமதமாகத் திரும்பினான். வந்தவனின் பனியன் நனைந்திருக்கவில்லை. திருநீர்மலை வரை ஓடிவிட்டு வருகிறவனுக்கு ஏப்ரல் மாதத்தில் வியர்க்காதா? பக்கத்து வீட்டு அரிகிருஷ்ணனும் அந்த வழியில் ஓடுகிறவர்தான். "என்ன மேடம், சாரை இப்பல்லாம் மலைப் பக்கம் பாக்கவே முடியல" என்று அவர் போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனார்.

போதாததற்கு, அவள் சொல்லாமலேயே துரை குழந்தையின் துணிகளைத் துவைத்துப் போட ஆரம்பித்திருந்தான். தப்பு செய்தவன்தான் இப்படித் திடீரென்று நல்லவனாவான்.

இருவரும் பழகியதே ஓட்டத்தில்தான். அவள் எண்ணூறு மீட்டர், அவன் ஐயாயிரம். கல்யாணத்துக்குப் பிறகும் சேர்ந்தே ஓடினார்கள். குழந்தை பிறந்த இந்தப் பதினோரு மாதமாக, அவள் கேட் வரை வந்து அவனை அனுப்பிவிட்டு உள்ளே போகிறாள்.

வராந்தாவின் மூலையில் ஒரு ஜோடி ஓட்டக் காலணி காய்ந்துகொண்டிருந்தது. பெண்களுடையது. உள்ளே ஏதோ அறையில் ஒரு பெண் ஆங்கிலத்தில் சிரித்துப் பேசினாள்.

துரை அந்தப் பக்கம் பார்க்கிறானா என்று செல்வமேரி பார்த்தாள். அவன் வண்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்கு சக்கர வண்டி அவளுக்குப் பிடித்திருந்தது. மெத்தை இருந்தது, வெயிலுக்கு மூடி இருந்தது. குழந்தை தூங்கலாம்.

"சின்னச் சக்கரம். கல்லுல மாட்டிச்சுன்னா குழந்தையோட கவுந்துடும்" என்று சொல்லிவிட்டு, துரை நேராக மற்ற வண்டியிடம் போனான். சின்ன சைக்கிளில் இருப்பதுபோன்ற சக்கரங்கள். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. ஓடுகிற பெற்றோருக்கென்றே செய்த வண்டி.

டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, கோணல் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிரேக்கைப் போட்டுவிட்டுத் தள்ளினான். பெல்ட்டை இரண்டு கையாலும் இழுத்தான். எது எங்கே இருக்கிறது என்று ஒரு தடவைகூட அவன் தேடவில்லை.

பிறகு பேன்ட் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தான்.

பொருள் வாங்க வருகிறவன் ஸ்பேனரோடு வருவானா? கைப்பிடியின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு துளை கீழே இறக்கி முடுக்கினான். துரை ஆறடி உயரம். இனி அவன் தள்ள வேண்டுமென்றால் குனிய வேண்டும். அவளுக்கு அளவெடுத்ததுபோல் நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தை அவள் பொறுப்பு. அவன் கையை வீசிக்கொண்டு போகலாம். எங்கு வேண்டுமானாலும், யாரோடு வேண்டுமானாலும்.

"நான் தள்ளிட்டு வரணும், நீங்க ஜாலியா முன்னால ஓடணும். அதானே?"

துரை அவள் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கி வண்டியில் உட்கார வைத்தான். பெல்ட்டைப் பூட்டினான்.

"ஒரு ரவுண்டு ஓடிப் பாரு மேரி."

"நீங்களும் வாங்க."

"நான் இங்கயே இருக்கேன்" என்று அவன் வராந்தாப் படியில் உட்கார்ந்தான்.

யாரைப் பார்க்க, என்று கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் தனம் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"அவரு எங்கம்மா ஓடுறது? மூணு வாரத்துக்கு முந்தி இந்த கேட்டாண்டதான் நெஞ்சப் புடிச்சிகினு வுழுந்தாரு. வெள்ளக்காரம்மா இந்த வண்டியத் தள்ளிகினு ஓடிட்டு வந்தாங்கோ, அவங்கதான் பாத்து, கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்கோ. இனிமே ஓடவே கூடாதுன்னுட்டாராம் டாக்டரு. அதான் தெனம் காலைல இங்க வந்து குந்திகினு இருந்துட்டுப் போறாரு." அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா சார், வூட்ல சொல்லலியா?"

துரை சொம்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழந்தை காலை உதைத்தது. வண்டி நகராமல் இருக்க செல்வமேரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இல்லை, தான் விழாமல் இருக்கத்தான் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் வேற என்ன சொன்னாரு?"

"வேற ஒண்ணும் சொல்லல." அண்ணாந்து தண்ணீரைக் குடித்தான். ஒரு சொம்புத் தண்ணீருக்கு அவ்வளவு நேரம் ஆகாது. வாயைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "நீ ஓடு மேரி. நான் பாக்கணும்."

அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

இந்த ஒரு பொய்யை மட்டும் நம்பிவிட வேண்டும் என்று நினைத்தபடி, அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.