மஞ்சளாகாத நாள்

சின்ன காஞ்சிபுரத்தில் பிரபந்தம் சேவித்துவந்த பராங்குசம் 2001-இல் ஆசார்யன் திருவடி அடைந்தார். அவர் ஈரலிலிருந்து எடுத்த புற்றுக்கட்டியின் செல்கள் மட்டும் அடையவில்லை. அவை மகள் மானஸாவின் ஆய்வகக் குடுவைகளில் பெருகிக்கொண்டிருந்தன. சாதாரண செல் பிரியும்போதெல்லாம் குரோமோசோமின் முனை தேயும். ஒருநாள் பாவு தீர்ந்த தறியாக நின்றுவிடும். இவற்றிலோ டெலோமரேஸ் என்ற நொதி தேய்ந்த முனையை மறுபடி வளர்த்துவிடும்.

தினமும் அவள் சிவப்பு ஊட்டநீர் ஊற்றுவாள். செல்கள் சாப்பிட்டால் மறுநாள் அது மஞ்சளாகியிருக்கும். இரண்டே நாட்கள்தான் சிவப்பு அப்படியே இருந்தது: 2002 செப்டம்பர் இரண்டு, 2003 ஆகஸ்ட் இருபத்திரண்டு.

அம்மா வத்ஸலா பஞ்சாங்கத்தைப் புரட்டினாள்.

"ரெண்டும் ஆவணி தசமிடீ. அப்பா ஸ்ராத்தம். இங்க ஆத்துல சாப்ட்டவருக்கு அங்க பசிக்குமா?"

மூன்றாம் வருடம் அண்ணன் நாராயண் அமெரிக்காவிலிருந்து வரவில்லை. ஸ்ராத்தம் நடக்கவில்லை.

மறுநாள் காலை மானஸா இன்குபேட்டரைத் திறந்தாள். எல்லாக் குடுவைகளும் மஞ்சளாக இருந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒரு செல்கூடப் போடாமல் வெறும் ஊட்டநீரோடு வைத்திருந்த கடைசிக் குடுவையும்.