விபூதியால் துலக்கிய வெள்ளி

இரண்டு கோப்பைக் காபியோடு அவன் ஆய்வகத்துக்குள் வந்தபோது, வெள்ளிக் கட்டியின் ஒரு மூலை பளபளத்துக்கொண்டிருந்தது.

போகும்போது பளபளக்கவில்லை.

கரிக்கட்டை மாதிரிதான் இருந்தது. மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின் அரசனுக்குக் கிளம்பி, டெக்சஸ் கரையோரம் கப்பலோடு மூழ்கி, நானூறு சொச்சம் வருஷம் உப்புத் தண்ணீரில் ஊறிய வெள்ளி வேறெப்படி இருக்கும்? அந்தக் கறுப்புத் தோலில்தான் அரசனின் முத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது.

அது உதிராமல் பார்த்துக்கொள்ளத்தான் அருங்காட்சியகம் அவனுக்குச் சம்பளம் கொடுத்தது. விசாவும் கொடுத்தது.

அந்த விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் அவன் மனைவி அங்கயற்கண்ணி போன மாதம் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தாள். கல்யாணமான மறுவாரமே விட்டுவிட்டு வந்திருந்தான், பாவி.

அவள் மேஜையருகே நின்றாள். கையில் விபூதிப் பொட்டலம். முகத்தில் வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்கும் களை.

“உங்க சின்ன வீடு இம்புட்டு அழுக்கா இருந்தா எனக்கில்ல கேவலம்? குத்துவிளக்குன்னா ரெண்டு தேய்ல பளிச்சுனு ஆயிரும். இவ கல்நெஞ்சக்காரி. லேசுல வழிக்கு வர மாட்டேங்குறா.”

சோறு உண்ணும்போதும் அவன் இந்தக் கட்டியைப் பற்றியே பேசியதால் அவள் வைத்த பெயர்தான் ‘சின்ன வீடு’. ஞாயிற்றுக்கிழமை, யாரும் வரமாட்டார்கள் என்று அறிமுகப்படுத்த அழைத்து வந்ததும் அவன்தான். ஊறவைத்திருந்த தொட்டியிலிருந்து கட்டியை எடுத்து மேஜையில் வைத்ததும் அவன்தான்.

காபி எடுக்கப் போகும்போது சர்க்கரை எவ்வளவு என்று கேட்டான். தொடாதே என்று சொல்லவில்லை.

முத்திரையில் பாதிக் கிரீடத்தைக் காணோம். கடல் தின்று தீர்க்காததை மதுரை ஐந்து நிமிஷத்தில் முடித்திருந்தது.

கத்துவதற்கு வாயைத் திறந்தான்.

“நல்லாருக்குல்ல?” என்றாள்.

மூடிக்கொண்டான்.

வெளியே காலடிச் சத்தம். சாவிக் கொத்துச் சத்தம். அருங்காட்சியக இயக்குநர் ஹாலோவே. சிரித்து யாரும் பார்த்திராத பெண்மணி.

வேலை போனால் விசா போகும். அதற்கு முன்னால், அமெரிக்காவில் மேஜைமேல் வெள்ளைப் பொடி எப்படி வந்தது என்று வேறு விளக்க வேண்டும்.

அங்கயற்கண்ணி அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது. கறுத்துப்போயிருந்த விரல்களைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

“நான்தான் செஞ்சேன்னு சொல்லிருங்க. எனக்கென்ன, போறதுக்கு வேலையா இருக்கு?”

அவன் காபியைக் கிடைத்த இடத்தில் வைத்தான்.

துப்பட்டாவுக்குள்ளிருந்து அவள் கைகளை வெளியே எடுத்தான். தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தான். உள்ளங்கை, விரல், நகக்கண், ஒன்று விடாமல்.

கதவு திறந்தது.

ஹாலோவே கட்டியைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். நான்கு கறுப்புக் கைகளைப் பார்த்தார்.

யார் செய்தது என்று கேட்டார்.

அவன் கையைத் தூக்கினான்.

அவள் பிடியை விடவில்லை. அவள் கையும் சேர்ந்து மேலே வந்தது.