இரண்டாவது சாவி

கோவில்பட்டி பைபாஸில் பழைய கார்கள் விற்கும் சோலைராஜ், மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்து உக்கிரபாண்டியிடம் நீட்டினார்.

“எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்துல. வாத்தியார் வீடு. ஞாயித்துக்கிழமை காலையில ஊரே பூசைக்குப் போயிரும். எடுத்துட்டு வந்திரு.”

ஒரு காருக்கு இரண்டு சாவி உண்டு. இந்தக் காலத்துச் சாவிக்குள் கடுகளவு சில்லு ஒன்று இருக்கிறது. அது சரியான எண்ணைச் சொன்னால்தான் எஞ்சின் கிளம்பும். கண்ணாடியை உடைத்து உள்ளே போகிற திருடன் உட்கார்ந்து இளைப்பாறலாம், அவ்வளவுதான். அதனால் சோலைராஜ் வாங்குபவரிடம் ஒரு சாவியை மட்டும் கொடுப்பார்.

“இன்னொண்ணைப் பழைய ஓனர் தொலைச்சிட்டாவ, அண்ணாச்சி. டாக்டரம்மா வண்டி.”

அவர் விற்ற எல்லா வண்டிகளையும் டாக்டரம்மாக்களே ஓட்டியிருந்தார்கள். கோவில்பட்டியில் அத்தனை டாக்டரம்மாக்கள் இருந்தால் ஒருவருக்கும் காய்ச்சலே வராது.

விற்ற காரை மூன்றே வாரத்தில் திருடிக்கொண்டு வந்து, விபத்தில் நொறுங்கிய வேறொரு காரின் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தையும் அதற்குக் கொடுத்து, கையிலிருக்கும் சாவிக்குச் சில்லோடு ஒரு நகலும் செய்துகொண்டு, வேறு ஊர்க்காரர் ஒருவருக்கு மறுபடியும் விற்பார். இந்த வெள்ளைக் காருக்கு இது மூன்றாவது சுற்று.

இந்த முறை வாங்கியவர் தேவஆசீர்வாதம், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வாங்கிய மறுநாளே வந்து நின்றார். ஹாரன் அடித்தால் வைப்பரும் சேர்ந்து ஓடுகிறது, பிரேக் போட்டால் வண்டி இடப்பக்கம் பாய்கிறது, ஏ.சி. தண்ணீர் காலில் சொட்டுகிறது. நான்கு முறை நடந்தார். நான்கு முறையும் சோலைராஜ் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார்: ‘விற்ற வண்டி திரும்ப எடுக்கப்படமாட்டாது.’

உக்கிரபாண்டிக்கு உள்ளூரப் பயம். ஏற்கெனவே இரண்டு வழக்கில் ஜாமீனில் இருக்கிறவன். மூன்றாவதில் மாட்டினால் பொங்கல் பாளையங்கோட்டை ஜெயிலில்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின நாள் பூராவும் மழை. ஆசிரியர் வீட்டருகே கார் நின்றது, தெருவில் ஆள் இல்லை. சாவி சொன்ன எண்ணைக் கார் ஏற்றுக்கொண்டு, மூன்று முறை இருமிவிட்டுக் கிளம்பியது. தார்ச்சாலைக்குப் போகும் தெரு, மாதா கோயில் வாசலைத் தாண்டிப் போனது. அதனால் அவன் காட்டுப் பாதையில் திருப்பினான்.

ஐம்பதடி தாண்டவில்லை, கார் நின்றுவிட்டது.

கரிசல் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. டயரின் வரிப்பள்ளங்களை அது அடைத்துக்கொண்டால் டயர் வழுக்கைத் தலை மாதிரி ஆகிவிடும். பிறகு மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். உக்கிரபாண்டி நன்றாக மிதித்தான். பதற்றத்தில் முழங்கை ஹாரனில் பட்டது. ஹாரன் அலற, வைப்பரும் ஓடியது.

அப்போதுதான் பூசை முடிந்திருந்தது. ஹாரன் சத்தம் கேட்டு, வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஏழெட்டுப் பேர் பாதையில் இறங்கினார்கள். கரிசலில் ஒரு வண்டி சிக்கினால் முதலில் தள்ளிவிடுவார்கள், விசாரணையெல்லாம் அப்புறம். நாளைக்கு அவரவர் வண்டியும் சிக்குமே.

முன்னால் வந்தவரைப் பார்த்ததும் உக்கிரபாண்டி சீட்டில் தாழ்ந்து உட்கார்ந்தான். மாலையும் கழுத்துமாக, அட்டையில் செய்த பெரிய சாவியைப் பிடித்துக்கொண்டு, வண்டி வாங்கிய அன்று சோலைராஜின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சிரித்த அதே முகம். இப்போது கண்புரை ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது.

“எந்த ஊரு தம்பி?”

“கடம்பூர், சார்.”

“வண்டி யாருது?”

“மாமா வண்டி.”

தேவஆசீர்வாதம் குனிந்து, சேறு அப்பிய கதவைக் கையால் தடவிப் பார்த்தார்.

“நல்ல வண்டி,” என்றார். “நீ இறங்காத. ஏலே ரிஜோ, அந்தச் சோளத்தட்டையை அள்ளி டயருக்கு அடியில போடு. செலஸ்டின், நீ பின்னால வா.”

ரிஜோ காரை உற்றுப் பார்த்தான். “சார், இது...”

“பேச்சை அப்புறம் வச்சுக்கிடலாம்லே. தள்ளு.”

உக்கிரபாண்டிக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

“தம்பி, ரெண்டாவது கியர்ல மெதுவா எடு. மொத கியருன்னா சக்கரம் சும்மா சுத்தும்.”

எல்லாரும் தோள் கொடுத்தார்கள். சக்கரம் வாரியடித்த சேற்றில் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் கரிசல் காடாயின. கார் ஒரு குலுக்குக் குலுக்கி மேட்டில் ஏறியது. தேவஆசீர்வாதம் மூச்சு வாங்கக் கையை உயர்த்தினார்.

“பாத்துப் போ தம்பி. நிக்காமப் போயிரு.”

கோவில்பட்டியில் சோலைராஜ் இந்தக் கதையை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“சொந்த வண்டியைத் தானே தள்ளிவிட்டாரா? இவரு எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாரோ!”

மதியம் தேவஆசீர்வாதம் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொடுத்து ரசீது வாங்கினார். இன்சூரன்ஸ் கம்பெனியின் இருபத்துநாலு மணி நேர நம்பருக்குப் போனில் தகவல் சொன்னார். பிறகு வீட்டுக்கு வந்தார். மனைவி மேரிராணி அழுது ஓய்ந்து, புனித அந்தோணியார் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

“காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுத் தாரவரு இவருதானங்க. ஒம்பது நாள் ஜெபம் நேர்ந்திருக்கேன். வண்டி எப்படியும் வீடு வந்து சேந்துரும், பாருங்க.”

தேவஆசீர்வாதம் பதறிப்போய் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

“ஏட்டி, வேற எந்தப் புனிதரை வேணும்னாலும் கும்பிடு, இவரு நெசமாவே கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாருன்னா, நான் ஆளைக் கூட்டித் தள்ளி அனுப்புனதெல்லாம் வீணாப் போயிரும்.”