பன்னிரண்டாவது குழாய்

ஆட்டுக் கல்லீரலில் கிடைக்கும் தட்டைப்புழு எந்த இனம் என்று டிஎன்ஏ சோதனையில் கண்டுபிடிப்பது என் வேலை. பதினொரு குழாய்களில் புழுவின் டிஎன்ஏ. பன்னிரண்டாவதில் வெறும் தண்ணீர். சோதனை முடிவில் டிஎன்ஏ இருந்தால் ஒரு கோடு விழும்; தண்ணீருக்கு எந்தக் கோடும் விழக்கூடாது. விழுந்தால் செய்தவர் கை சுத்தமில்லை என்று அர்த்தம்.

திங்கட்கிழமை விழுந்தது.

“பத்தொன்பது வருஷ சர்வீஸ், இன்னும் கை சுத்தம் வரலையாம்மா?” என்றார் மேலாளர்.

“என் கை சுத்தம்தான். சந்தேகம்னா நீங்களே பண்ணுங்க சார்.”

புதுக் கையுறை, புது பாட்டில் தண்ணீர். அவரே செய்தார். மறுபடியும் கோடு. என்ன இனம் என்று பார்த்தோம். பதினொன்றிலும் ஆட்டுப் புழு. தண்ணீரில் இருந்தது மனிதக் கல்லீரலில் வாழ்வது. அந்த இனம் எங்கள் ஆய்வகத்துக்குள் வந்ததே இல்லை.

“அதை விட்டுட்டு ரிப்போர்ட் எழுதும்மா.”

“விட மாட்டேன். இருக்கறத இருக்குன்னுதான் எழுதுவேன்.”

“எந்த உடம்புலேர்ந்து எடுத்ததுன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்னத்த எழுதுவே?”

‘தண்ணீர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர் பக்கம் தள்ளினேன்.

படித்தார். மேஜையில் பாதி குடித்து வைத்திருந்த தன் தண்ணீர் டம்ளரை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் இறக்கவே இல்லை.