ஆஸ்பத்திரி வாசலில் கொடிக்கம்பம்

எழுந்தேன். வாளித் தண்ணீரில் முகம் கழுவினேன். அடுப்பு மூட்டி வறக்காப்பி போட்டேன். சர்க்கரை போட மறந்தேன். அப்படியே குடித்தேன்.

பெரட்டுக்களத்தில் தப்பு அடித்தார்கள். ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவது ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான என் வேலை. இன்று வேறொருவர் செய்தார்.

தோட்டத்தை நடத்தும் துரையின் மோட்டாரில் ஈப்போ திடலுக்குப் போனேன்.

மன்னர் பிறந்தநாளுக்கு மாரத்தான் ஓட்டம். சென்னைக் கல்லூரியில் நான் ஓடியவன் என்று யாரோ துரையிடம் சொல்லிவிட்டார்கள். அவர் தோட்டத்தின் சார்பில் என்னைச் சேர்த்துவிட்டார். துரை சொன்னால் சரி என்பதுதான் பதில்.

ஒருநாள்கூட ஓடிப் பழகவில்லை. பழகுவதென்றால் தோட்டத்துப் பெரிய சாலையில்தான் ஓட வேண்டும். அந்தச் சாலையில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கருப்பம்மாள் இருக்கிறாள்.

அவள் அங்கே ஆயா. என் மனைவி மங்களம் குளிர்காய்ச்சலில் சாகும்போது பக்கத்தில் இருந்தவள். நான் தெலுக் ஆன்சன் துறைமுகத்தில், புது ஆட்கள் வரும் கப்பலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணும் பேசல. தூக்கத்துலயே போயிட்டாங்க” என்றார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சில நாள் இருந்தேன்.

பிறகு கருப்பம்மாள் ஆள்மேல் ஆள் அனுப்பினாள். மங்களம் அம்மா கடைசியாக ஒன்று சொன்னார்களாம். கிராணியாரிடம் நேரில்தான் சொல்வாளாம்.

நான் போகவில்லை. அன்றிலிருந்து ஆபீசுக்கு மலைக்காட்டு வழியாகச் சுற்றித்தான் போகிறேன்.

வராமல் போனவனைப் பற்றி ஒருத்தி கடைசியாக என்ன சொல்லியிருப்பாள்?

திடலில் ஒரு வெள்ளைக்காரர் நின்று பாதையை அறிவித்தார். தெற்கே கோப்பெங் சாலை. பிறகு எங்கள் தோட்டம். தண்ணீரும் மருந்தும் கிடைக்கும் இடம் என்பதால் ஆஸ்பத்திரி வாசலில் கொடிக்கம்பம் நட்டிருக்கிறார்கள். அதைச் சுற்றித்தான் எல்லோரும் திரும்ப வேண்டும்.

துப்பாக்கி வெடித்தது. ஓடினேன்.

முதல் மைலிலேயே மூச்சு வாங்கியது. எங்கள் தோட்டத்தில் ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைவீட்டில் வேலை செய்யும் ஐயாவு வெறுங்காலோடு என்னைக் கடந்தான்.

“என்ன கிராணியாரே, பெரட்டுக்கு நேரங்கழிச்சு வந்தா எங்களுக்கு அரைப்பேரு போட்டு கூலியப் பாதியாக்குவீங்க. இன்னிக்கு ஒங்களுக்கு யாருலா போடறது?”

சிரித்துக்கொண்டே போய்விட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கடந்தார்கள்.

ஈயச் சுரங்கத்து வெள்ளை மணலில் கண் கூசியது. செருப்பு கடித்தது. நின்றுவிடலாம் என்று தோன்றியது. ஜெயிக்கும் ஆசை கொஞ்சமும் இல்லை. தோற்கும் வெட்கமும் இல்லை. ஆனால் கடைசி ஆளுக்குப் பின்னால் துரையின் மோட்டார் உறுமிக்கொண்டே ஊர்ந்து வந்தது. கடைசி ஆள் நான்தான்.

நடந்தால் ஹார்ன் அடித்தார்.

சாலை ரப்பர் மரங்களுக்குள் நுழைந்தது. வெயில் சட்டென்று அணைந்தது. ரப்பர்ப் பால் புளித்த வாடை. எங்கோ ரப்பர்க் காய் வெடிக்கும் சத்தத்துக்கெல்லாம் உடம்பு தூக்கிப்போட்டது.

ஆஸ்பத்திரியின் தகரக் கூரை தெரிந்தது. விலகி ஓட வழி தேடினேன். இரண்டு பக்கமும் ஆழமான வடிகால். பின்னால் மோட்டார்.

வாசலில் கொடிக்கம்பம். அதைப் பிடித்துக்கொண்டு கருப்பம்மாள்.

தலையைக் குனிந்துகொண்டு சுற்றித் திரும்பினேன். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு என்னோடு ஓடி வந்தாள்.

“நில்லுங்க சாமி! எத்தன நாளா ஆளு வுடறேன். நான் என்ன பேயா?”

நிற்கவில்லை. அவளும் விடவில்லை. ஓடிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு கறுப்புக் கயிற்றைச் சுற்றினாள். முடிச்சு விழவில்லை. துரை ஹார்ன் அடித்தார்.

“இருங்க தொரே! ஒங்க பந்தயம் எங்க போயிரப் போவுது!” என்று திரும்பிக் கத்தினாள்.

நின்றுவிட்டேன். அதற்கு மேல் முடியவில்லை.

“முனியாண்டி கோயில்ல மந்திரிச்சது, அவுக்காம கட்டிக்கிடுங்க” என்றாள் மூச்சிரைக்க. “அம்மா நெனவு தப்பிக் கெடக்கையில ஒங்க பேரச் சொல்லிப்புட்டாங்க. பொண்டாட்டி வாயில புருசன் பேரு வந்தா ஆயுசு கொறையுமே சாமி. டிரஸ்ஸர் ஐயாகிட்டகூட நான் மூச்சு வுடல.”

இத்தனை நாளும் அவள் பயந்தது என் உயிருக்கு.

நான் பயந்ததைக் கேட்டேன். “பேரை மட்டுமா சொன்னா?”

கருப்பம்மாள் முடிச்சை இறுக்கினாள். என் பெயரைச் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்பதுபோலக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, காதருகே வந்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் ஓடவில்லை. துரை ஹார்ன் அடித்துப் பார்த்தார். சலித்துப்போய் என்னைக் கடந்து போய்விட்டார். ஈப்போவுக்கு நடந்தே வந்து சேர்ந்தேன். திடலில் தோரணங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயாவு ஜெயித்த கோப்பையில் சோடா ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். எனக்கும் நீட்டினான்.

கல்யாணமான நாளிலிருந்து மங்களம் ‘இங்க பாருங்க’ என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். அன்று கதவுப் பக்கம் கையை நீட்டி, சின்னப் பிள்ளையை அதட்டுவதுபோலச் சொன்னாளாம்:

“சதாசிவம், ஓடி வராத. விழுந்துடுவ.”