இடப்பக்க நாற்காலி

தட்டின் வலப்பாதி காலியாகியிருந்தது. இடப்பாதியில் கை படவே இல்லை.

"எனக்குப் பத்தவே இல்ல. இந்த ஆஸ்பத்திரியில அளந்துதான் போடுறாங்க" என்று கட்டிலில் சாய்ந்திருந்தவள் அலுத்துக்கொண்டாள்.

இடப்பக்க நாற்காலியில் இருந்தவர் தட்டை அரைவட்டமாக மெல்லத் திருப்பி வைத்தார்.

புதிதாக வந்த சாப்பாடு என்று நினைத்து அவள் மீதியையும் சாப்பிட்டாள். தட்டைத் திருப்பிய கை அவள் கண்ணில் படவில்லை. கைக்குரியவரும்தான்.

கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூளையின் வலப்பக்கம் போகிற ரத்தக்குழாயை உறைந்த ரத்தக் கட்டி ஒன்று அடைத்துவிட்டது. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அதை இழுத்தெடுத்தார்கள். அதற்குள் ரத்தம் கிடைக்காமல் ஒரு பகுதி செத்துவிட்டது. இடது கை விழுந்துவிட்டது. அதோடு, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு இல்லாமல் போயிற்று.

செத்தது திரும்பாது. பக்கத்தில் இருப்பவை அதன் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளலாம். அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளை விடாமல் அழைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதனால்தான் பிசியோதெரபிஸ்ட் பெண் நாற்காலியை இடப்பக்கம் போட்டாள். பார்க்க வருகிறவர்கள் அங்கேதான் உட்கார வேண்டும்.

மற்ற நோயாளிகளின் வீட்டார் இதில் தாக்குப்பிடிப்பதில்லை. இருந்தும் இல்லாத மாதிரி உட்கார்ந்திருக்க யாருக்குத்தான் மனசு வரும்? நைசாக வலப்பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

இவர் ஒருநாளும் நகரவில்லை. மகள் வேலைக்குப் போகும் பகல் பொழுதெல்லாம் அங்கேயே கிடந்தார். விழுந்த கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி மடக்கிவிட்டார். சீப்பையும் தண்ணீர்க் குவளையையும் தினமும் கொஞ்சம் தன் பக்கமாகத் தள்ளி வைத்தார். பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. கேட்டால் தொண்டையைத் தொட்டுக் காட்டி, சரியில்லை என்று சைகை செய்வார்.

"இப்படி ஒரு வீட்டுக்காரர் அமையக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று பிசியோதெரபிஸ்ட் நர்சிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. குனிந்து விரல்களை நீவினார்.

அன்று பிசியோதெரபிஸ்ட் சாப்பாட்டு மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப்பை ஒட்டினாள். அது தெரிகிற வரைக்கும் திரும்ப வேண்டும்.

நோயாளியின் தலை பாதியில் நின்றுவிட்டது.

"என்ன மேடம், டிரைவிங் ஸ்கூல் நடத்தினவங்க. இடது கண்ணாடி பாக்காமலா வண்டிய எடுப்பீங்க?"

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணாடி பார்க்காத எத்தனையோ பேரை நடுரோட்டில் இறக்கிவிட்டவள் அவள். தாடையை இறுக்கிக்கொண்டு இன்னும் திரும்பினாள்.

எழுந்து போக அவருக்கு நேரம் இருந்தது. ஒரு கால் எழுவதற்குத் தயாராகத் தரையில் ஊன்றியது. போகவில்லை. அவளுடைய கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தியபடி காத்திருந்தார்.

பார்வை சிவப்பைத் தொட்டது. அதோடு நிற்காமல் சட்டைக்கு வந்தது. பிறகு முகத்துக்கு.

வெகுநேரம் பார்த்தாள்.

"நரைச்சுப் போச்சே" என்றாள். "இன்னொருத்தியைக் கூட்டிக்கிட்டு வீட்டை விட்டுப் போன அன்னைக்கு ஒரு முடிகூட நரைக்கல."

பிசியோதெரபிஸ்டுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கீழே பார்த்தாள்.

அவர் உள்ளங்கையில் கிடந்த விரல்கள் துடித்தன. மணிக்கட்டு இழுபட்டது. இத்தனை நாளும் உயிரற்றுக் கிடந்த கை, ஒரு விரற்கடை தூரம் அவரைவிட்டு விலகியது.

"கை அசைஞ்சிடுச்சு! தானா அசைஞ்சிடுச்சு சார்!"

அவர் தலையசைத்தார். அந்தக் கையை மறுபடி எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை இழு" என்றார்.

அவள் இழுத்துக்கொண்டாள். முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.