ஒற்றைப் பாதம்

காமுவுக்குப் பிறவியிலேயே இடது பாதம் உள்பக்கம் மடங்கியிருந்தது. ஐந்து வயதில் ஒரு வங்காளி டாக்டர் குதிகால் தசைநாரை வெட்டி, பாதத்தை நிமிர்த்தி, முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டார். ஆறு வாரம் அந்தக் கால் தரையில் படக்கூடாது.

நடுவில் கோகுலாஷ்டமி வந்தது. அம்மா ராஜலக்ஷ்மி அரிசிமாவைக் கரைத்து, பவானிபூர் வீட்டு வாசலிலிருந்து பூஜை அலமாரிவரை கிருஷ்ணன் பாதம் வைத்தாள். காமு கட்டிலில் படுத்தபடியே கைதட்டினாள்.

காலையில் பார்த்தால் அலமாரியிலிருந்து வாசலுக்கும் ஒரு வரிசை போயிருந்தது. எல்லாம் இடது பாதங்கள்.

"ஏன்னா, நான் உள்ளே வர பாதம் மட்டுந்தானே போட்டேன்?"

"திரும்பிப் போறச்சே நொண்டியாடிண்டு போயிருப்பான்" என்று சிரித்தார் அப்பா பட்டாபிராமன்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் கட்டைப் பிரித்தார். பாதம் நேராக இருந்தது. ராஜலக்ஷ்மி சந்தோஷத்தோடு உள்ளங்காலைத் தொட்டாள். விரலில் அரைத்த அரிசிமாவு ஒட்டியது. ஈரம் காயவில்லை.

"ஆஸ்தே, மா, ஆஸ்தே" என்றார் டாக்டர். மெதுவாகத்தான் நடக்கப் பழக்க வேண்டுமாம்.

காமு அதற்குள் இறங்கிவிட்டாள். வலது காலை மடக்கிக்கொண்டு, கலகலவென்று சிரித்தபடி வாசலுக்கு நொண்டியடித்துப் போனாள். அவள் பின்னால் தரையில் வெள்ளை வெள்ளையாக இடது பாதங்கள் விழுந்தன.